சமையல் கழிவுநீரைப் பாசியால் சுத்தம் செய்ய: டர்பன் வட்டாரக் கோயில்களுக்கும் தோட்டக்காரர்களுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

டொங்காட், வெருளம், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் என்று நம்மவர்கள் வாழும் பகுதிகளில் கோயில் இருந்தால் மடப்பள்ளியும் இருக்கும். வெள்ளிக்கிழமை பூஜை, புரட்டாசி விரதம், கல்யாணம், காரியம் எதுவானாலும் பெரிய பெரிய அண்டாக்களில் சோறும் பருப்பும் வேகும். அரிசி களைந்த தண்ணீர், காய்கறி கழுவிய தண்ணீர், பாத்திரம் தேய்த்த தண்ணீர் எல்லாம் சேர்ந்தால் ஒரே நாளில் இரண்டாயிரம் லிட்டர் சாதாரணம். சாக்கடை இணைப்பு ஒழுங்காக இருக்கும் இடத்தில் அது அந்த வழியே போய்விடும். இல்லாத இடத்தில் மழைநீர் வடிகாலில் இறங்குகிறது. டர்பனில் மழைநீர் வடிகாலும் சாக்கடையும் வேறு வேறு. வடிகாலில் விட்டது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகாது, நேராக ஆற்றுக்கும் கடலுக்கும்தான் போகும்.

2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு இந்த விஷயம் எல்லோருக்கும் உறைத்தது. சுத்திகரிப்பு நிலையங்களும் பம்ப் நிலையங்களும் சேதமாகி, மலக்கிருமி அதிகமானதால் கடற்கரைகளை மாதக்கணக்கில் மூட வேண்டி வந்தது. ஒரு கோயிலின் பாத்திரம் கழுவிய தண்ணீரால் அந்த நிலை வரவில்லை. ஆனாலும் நம் கையில் இருக்கும் பங்கை நாமே சுத்தம் செய்துகொள்ள முடியும், அதற்கு வெயிலும் கொஞ்சம் இடமும் போதும் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாசி வளர்ப்பது சுலபம். வளர்ந்த பாசியைத் தண்ணீரிலிருந்து பிரித்து எடுப்பதுதான் வேலை. பிரிக்காத வரை தண்ணீர் சுத்தமாகவில்லை. கழிவில் இருந்த நைட்ரஜனும் பாஸ்பரசும் இப்போது பாசியின் உடம்பில் இருக்கின்றன, அவ்வளவுதான். பாசி செத்தால் எல்லாம் திரும்பத் தண்ணீருக்கே வந்துவிடும். இந்த வழிகாட்டியில் பிரித்தெடுக்கும் பகுதி நீளமாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இது எப்படி வேலை செய்கிறது

கழிவுநீரில் இருக்கும் மாவுச்சத்தையும் கொழுப்பையும் தின்பது பாக்டீரியா. அதற்கு ஆக்சிஜன் வேண்டும். நகராட்சி நிலையங்களில் அந்த ஆக்சிஜனைக் காற்றூதும் இயந்திரங்கள் கொடுக்கின்றன. நிலையத்தின் மின்செலவில் பல இடங்களில் பாதிக்கும் மேல் இதற்கே போகிறது. பாசிக் குளத்தில் அந்த வேலையை வெயில் செய்கிறது. பாக்டீரியா வெளிவிடும் கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு பாசி ஆக்சிஜன் தருகிறது. கூடவே அம்மோனியா, நைட்ரேட், பாஸ்பேட் எல்லாவற்றையும் உறிஞ்சி வளர்கிறது. பாசி கரியமில வாயுவை இழுக்க இழுக்கத் தண்ணீரின் பி.எச். ஏறும். நல்ல வெயிலில் பிற்பகலுக்குள் 9-ஐத் தாண்டிவிடும். அந்தக் காரத்தன்மையும் வெயிலும் ஆக்சிஜனும் சேர்ந்து நோய்க்கிருமிகளில் பெரும்பகுதியைக் கொல்கின்றன.

1950-களில் கலிஃபோர்னியாவில் வில்லியம் ஆஸ்வால்டும் அவருடன் இருந்தவர்களும் ஆழமில்லாத, ஓடிக்கொண்டே இருக்கும் குளமாக இதை வடிவமைத்தார்கள். நம் தென்னாப்பிரிக்காவில், மக்காண்டாவில் (பழைய கிரஹாம்ஸ்டவுன்) ரோட்ஸ் பல்கலைக்கழகம் 1990-களிலிருந்து நகரக் கழிவுநீரை வைத்தே இப்படி ஒரு குளத்தை நடத்திப் பார்த்தது. லிம்போபோ மாகாணத்து மோட்டெடெமாவில், தென்னாப்பிரிக்க அரசின் அறிவியல் ஆய்வு மன்றமான சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வாளர்கள் ஏற்கெனவே இருந்த கழிவுநீர்க் குளங்களில், தொட்டியில் வளர்த்த குளோரெல்லாப் பாசியை விட்டுச் சோதித்தார்கள். டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் கழிவுநீர்த் தொழில்நுட்பத்துக்கென்றே ஓர் ஆய்வு நிறுவனம் இருக்கிறது, அங்கும் பாசி முக்கியமான பாடம். ஆக, புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை. சின்ன அளவில் ஒழுங்காகச் செய்தால் போதும்.

எந்தத் தண்ணீரை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது

சமையல், பாத்திரம், கை கழுவும் தண்ணீர் எடுக்கலாம். கழிவறைத் தண்ணீரை வீட்டிலோ கோயிலிலோ இந்த முறையில் செய்யவே வேண்டாம். காலரா, மஞ்சள்காமாலை, புழு முட்டை எல்லாம் அதில் வரும். அதற்குப் பயிற்சி பெற்ற ஆட்களும் ஆய்வுக்கூடமும் தேவை.

ஜிக் போன்ற ப்ளீச் கலந்த தண்ணீரும் வேண்டாம். பாசி ஒரே நாளில் வெளுத்துவிடும். தரை கழுவும் தண்ணீரைத் தனிக் குழாயில் பிரித்துவிடுங்கள்.

கோயில்காரர்களுக்கு முக்கியமான விஷயம் பால். முழுப்பாலின் ஆக்சிஜன் தேவை, அதாவது அதைத் தின்று செரிக்கப் பாக்டீரியாவுக்கு வேண்டிய ஆக்சிஜன், லிட்டருக்கு ஏறக்குறைய 100 கிராம். நாம் கட்டப்போகும் 10 சதுர மீட்டர் குளம் நாளைக்கு ஏறத்தாழ 100 கிராம் உலர்பாசி தரும் என்று வைத்தால், அது வெளிவிடும் ஆக்சிஜன் 150 கிராம் அளவில் இருக்கும். ஒரு லிட்டர் பால் விழுந்தால் அந்த நாளின் ஆக்சிஜனில் மூன்றில் இரண்டு பங்கு காலி. தைப்பூசக் காவடி அன்று நூற்றுக்கணக்கான பால்குடங்கள் அபிஷேகத்துக்கு வருகின்றன. அந்தப் பால் குளத்துப் பக்கமே வரக்கூடாது. அபிஷேகப் பாலைத் தனியாகப் பிடித்து, தண்ணீர் நிறையக் கலந்து, மரங்களின் அடியில் பரவலாக ஊற்றுவதுதான் சரி.

முதல் படி: எண்ணெயையும் கசடையும் நிறுத்துங்கள்

நெய்யும் எண்ணெயும் குளத்தின் மேல் படலமாகப் பரவினால் வெளிச்சமும் காற்றும் தடைபடும். சமையலறைக் குழாய்க்குப் பக்கத்திலேயே எண்ணெய்ப் பொறி ஒன்று வையுங்கள். ஹார்ட்வேர் கடைகளில் கிடைக்கும் சாதாரணப் பொறியே போதும். வாரம் ஒருமுறை மேலே உறைந்திருப்பதை வழித்து எடுக்க ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். கமிட்டியில் "எல்லோரும் பார்த்துக்கொள்வோம்" என்றால் யாரும் பார்க்கமாட்டார்கள்.

பொறியிலிருந்து வரும் தண்ணீரை 2,500 லிட்டர் ஜோஜோ பிளாஸ்டிக் தொட்டியில் சேருங்கள். இதற்கு இரண்டு காரணங்கள். வெள்ளிக்கிழமை ஒரே நாளில் வரும் 2,000 லிட்டரை வாரம் முழுவதும் பங்கிட்டு, நாளுக்கு 300 லிட்டருக்குள் விடலாம். அப்புறம், பருக்கையும் மாவும் அடியில் தங்கி, காற்றில்லாமல் ஓரளவு செரித்துவிடும். நாற்றம் வரும், அதை ஒளிக்க முடியாது. தொட்டியை நன்றாக மூடி, காற்றுக்குழாயைக் கூரை உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள். தண்ணீரை அடியிலிருந்து எடுக்காமல், ஒரு சாண் மேலே குழாய் வைத்து எடுங்கள்.

இரண்டாம் படி: குளத்தின் அளவு

கணக்கு எளிது. டர்பன் கோடையில் தண்ணீர் குளத்தில் 6 நாள் இருந்தால் போதும். ஜூன், ஜூலையில் 10 நாள் வேண்டும். குளிர்காலத்துக்குக் கணக்குப் போட்டுக் கட்டுங்கள். நாளுக்கு 300 லிட்டர், 10 நாள் என்றால் 3,000 லிட்டர். ஆழம் 30 சென்டிமீட்டர். அப்படியானால் பரப்பு 10 சதுர மீட்டர், அதாவது 5 மீட்டருக்கு 2 மீட்டர்.

ஆழத்தைக் கூட்டி இடத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று கட்டாயம் யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். பாசி அடர்ந்தால் வெளிச்சம் மேலே சில சென்டிமீட்டர்தான் இறங்கும். அதற்குக் கீழே இருப்பது இருட்டில் மூச்சு விட்டுக்கொண்டு ஆக்சிஜனைச் செலவழிக்கும்.

இந்தக் குளத்தால் எவ்வளவு அழுக்கை வாங்க முடியும் என்றும் பார்த்துவிடலாம். 100 கிராம் உலர்பாசியில் 7 முதல் 8 கிராம் நைட்ரஜன், 1 கிராம் அளவில் பாஸ்பரஸ் இருக்கும். உங்கள் கழிவுநீரில் லிட்டருக்கு 25 மில்லிகிராம் நைட்ரஜன் இருந்தால் 300 லிட்டரில் ஏழரை கிராம். வரவும் செலவும் சரியாக இருக்கிறது. அதைவிடக் கெட்டியான தண்ணீர் என்றால் அளவைக் குறையுங்கள், அல்லது குளத்தைப் பெரிதாக்குங்கள்.

மூன்றாம் படி: கட்டுவது

இங்கே சூரியன் வடக்குப் பக்கமாகப் போகும், குளிர்காலத்தில் இன்னும் சாய்ந்து போகும். தமிழ்நாட்டில் எழுதப்பட்ட குறிப்புகளைப் பார்த்துத் தெற்கைத் திறந்துவிட்டு வடக்கே சுவரை வைத்துவிடாதீர்கள். வடக்கில் உயரமான மரமோ மண்டபமோ இல்லாத இடமாகத் தேர்ந்தெடுங்கள்.

சிமென்ட் பிளாக்கில் அரை மீட்டர் உயரச் சுவர், உள்ளே குளத்துக்கு விரிக்கும் தடித்த பிளாஸ்டிக் விரிப்பு. நடுவில் நீளவாக்கில் 3 மீட்டருக்கு ஒரு தடுப்புச் சுவர். இரண்டு முனையிலும் ஒரு மீட்டர் திறப்பு இருக்க வேண்டும். தண்ணீர் இந்தச் சுவரைச் சுற்றிச் சுற்றி ஓடும். ஓட வைப்பது ஒரு துடுப்புச் சக்கரம். பிவிசி பலகையில் ஆறு துடுப்பு வெட்டி, பழைய காரின் வைப்பர் மோட்டாரில் பூட்டி, 12 வோல்ட் சோலார் தகட்டில் இணைத்தால் பகல் முழுவதும் தானாகச் சுற்றும். லோட்ஷெடிங் கவலையும் இல்லை. ஒரு காய்ந்த இலையை மிதக்கவிட்டுப் பாருங்கள்: ஒரு மீட்டர் போக ஐந்து விநாடி ஆனால் வேகம் சரி. மூலையில் எங்காவது கசடு தங்கினால் அங்கே தகடு வைத்து வளைவாக்குங்கள்.

மழையையும் யோசியுங்கள். ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் பெய்தால் இந்தக் குளத்தில் 1,000 லிட்டர் சேரும். சுவரில் மீதியிருக்கும் 20 சென்டிமீட்டர் அதைத் தாங்கும். அதற்கு மேல் வருவது வழிந்து போக, வாழை நட்ட பாத்திக்கு ஒரு குழாய் விடுங்கள். குழந்தைகள் வரும் இடம் என்பதால் சுற்றி வேலி கட்டாயம்.

நான்காம் படி: விதைப்பாசி

கடையில் வாங்க வேண்டாம். மழைத்தொட்டி, வாளி, தோட்டத்துக் குட்டை எதிலாவது இளம்பச்சையாக இருக்கும் தண்ணீரில் குளோரெல்லாவும் சினெடெஸ்மசும் அவற்றின் உறவினங்களும் இருக்கும். உள்ளூர் வெயிலுக்கும் குளிருக்கும் பழகியவை அவைதான். இரண்டு மூன்று இடத்திலிருந்து எடுத்துக் கலப்பது இன்னும் நல்லது.

ஒன்றை மட்டும் தவிருங்கள். பச்சைப் பெயின்ட் கொட்டியது போல மேலே திரண்டு, புழுக்க வாடை அடிக்கும் தண்ணீரை எடுக்காதீர்கள். அது பெரும்பாலும் மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசி. ஹார்ட்பீஸ்போர்ட் அணையில் ஆண்டாண்டாகத் தொல்லை தருவது இதுதான். கல்லீரலைத் தாக்கும் நஞ்சு அதில் உண்டு. அந்தத் தண்ணீரைக் குடித்த ஆடு மாடுகள் செத்திருக்கின்றன.

20 லிட்டர் வாளியில் நான்கு லிட்டர் பச்சைத் தண்ணீர், இரண்டு லிட்டர் தொட்டிக் கழிவுநீர், மீதிக்கு மழைநீர். மீன்தொட்டிக்கு வைக்கும் சின்ன ஏர் பம்ப் ஒன்று. முதல் இரண்டு நாள் லேசான நிழல், பிறகு வெயில். ஒரு வாரத்தில் கரும்பச்சையாகிவிடும். அதை 200 லிட்டர் பீப்பாய்க்கு மாற்றி, மீதி இடத்தை அதே கழிவுநீர், மழைநீர் விகிதத்தில் நிரப்புங்கள். அது பச்சையானதும் கொஞ்சத்தை விதைக்காகப் பீப்பாயிலேயே மிச்சம் வைத்து, மீதியைக் குளத்தில் ஊற்றி, குளத்தை ஒரே நாளில் நிரப்பாமல் பத்துப் பன்னிரண்டு நாளில் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துங்கள். மொத்தமாகக் கழிவுநீரைக் கொட்டினால் அம்மோனியா பாசியையே கொன்றுவிடும். பி.எச். 9-க்கு மேல் ஏறும்போது அம்மோனியாவின் நஞ்சு பல மடங்கு கூடும் என்பதை மறக்காதீர்கள்.

ஐந்தாம் படி: தினசரி வேலை

பிற்பகல் மூன்று நான்கு மணிக்கு 300 லிட்டரைக் குளத்திலிருந்து எடுத்துப் படியவிடும் தொட்டிக்கு மாற்றுங்கள். மறுநாள் காலை வெயில் வந்த பிறகு, அதே 300 லிட்டர் புதுக் கழிவுநீரை விடுங்கள். இந்த வரிசை மாறக்கூடாது. பி.எச்.சும் ஆக்சிஜனும் உச்சத்தில் இருக்கும் நேரத்துத் தண்ணீரில்தான் கிருமி குறைவு. காலையில் ஊட்டிவிட்டு உடனே எடுத்தால், சுத்தமாகாத தண்ணீர் அப்படியே வெளியே வந்துவிடும்.

கோடையில் நாளுக்கு 50 லிட்டர் வரை ஆவியாகும். மழைநீர் விட்டு ஈடுகட்டுங்கள், இல்லாவிட்டால் உப்பு ஏறும்.

ஆறாம் படி: பாசியைப் பிரிப்பது

படியவிடுவதற்கு, அடிப்பக்கம் கூம்பாக இருக்கும் தொட்டி வாங்குங்கள். இரவு முழுவதும் அசைக்காமல் விட்டால், நல்ல குளத்துப் பாசி பெரும்பகுதி அடியில் இறங்கிவிடும். பாசியும் பாக்டீரியாவும் சேர்ந்து சிறு திரளைகளாகக் கட்டிக்கொள்வதால் இது நடக்கிறது. தனித்தனியாக மிதக்கும் குளோரெல்லா இறங்காது. ஒரு செல் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைவிடச் சிறியது. வேட்டித்துணியிலும் காபி ஃபில்டரிலும் வடிகட்டிப் பார்ப்பவர்களுக்குப் பச்சைத் தண்ணீரே இறங்குவது இதனால்தான்.

ஆகவே இறங்கும் ரகத்தை வளர்க்க வேண்டும். வழி இது: அடியில் படிந்த கூழில் ஐந்தில் ஒரு பங்கைத் தினமும் குளத்துக்கே திருப்பி ஊற்றுங்கள். இறங்கத் தெரிந்த பாசிக்கே மறுபடி இடம் கிடைப்பதால், வாரங்கள் போகப்போக அந்த வகையே குளத்தில் பெருகும். நியூசிலாந்தில் பெரிய குளங்களில் இதைச் செய்து நல்ல பலன் கண்டிருக்கிறார்கள். செலவில்லாத உத்தி, பொறுமை மட்டும் வேண்டும். என்னைக் கேட்டால், படிகாரத்துக்குப் போகும் முன் இரண்டு மாதமாவது இதைச் செய்து பார்க்க வேண்டும்.

அப்படியும் இறங்கவில்லை என்றால் படிகாரம். அளவைக் கண்ணால் போடாதீர்கள். 10 கிராம் படிகாரத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். ஐந்து தெளிவான பாட்டில்களில் ஒவ்வொரு லிட்டர் குளத்துத் தண்ணீர் எடுத்து, கரைசலை 10, 15, 20, 25, 30 மில்லி என்று விடுங்கள். ஒரு நிமிடம் வேகமாகக் கலக்கி, பிறகு பத்து நிமிடம் மெதுவாகக் கலக்கி, அரைமணி நேரம் விட்டுவிடுங்கள். பஞ்சு போலத் திரண்டு கீழே போவதும் மேலே தண்ணீர் தெளிவதும் கண்ணுக்குத் தெரியும். தெளிந்த பாட்டில்களில் எதில் குறைந்த அளவோ அதுதான் உங்கள் அளவு. 15 மில்லி என்றால் லிட்டருக்கு 150 மில்லிகிராம், 300 லிட்டருக்கு 45 கிராம். பி.எச். மாறினால் இந்த அளவும் மாறும் என்பதால், பருவம் மாறும்போது திரும்பச் சோதியுங்கள்.

காலையில் மேலே தெளிந்த தண்ணீரை எடுத்துவிட்டு, அடியிலுள்ள ஐந்து பத்து லிட்டர் கூழைத் திறப்பான் வழியே இறக்குங்கள். மணல் மேல் துணி விரித்து ஊற்றினால் இரண்டு மூன்று வெயிலில் காய்ந்து தகடாக உரியும். நைட்ரஜன் அதிகம் என்பதால் தனியாகப் போட்டால் அழுகி நாறும். கரும்புச் சோகையோடு அடுக்கி உரமாக்குங்கள். நம் பக்கத்தில் சோகைக்குப் பஞ்சமே இல்லை. இந்தப் பாசியைச் சாப்பிடவோ, கோழிக்கும் மாட்டுக்கும் கொடுக்கவோ கூடாது. ஸ்பைருலினா என்று கடையில் விற்பது வேறு, கழிவுநீரில் வளர்ந்தது வேறு.

ஏழாம் படி: அளந்து பார்ப்பது, பயன்படுத்துவது

மீன்தொட்டிக் கடையில் அம்மோனியா, நைட்ரேட், பாஸ்பேட், பி.எச். சோதனைப் பெட்டி கிடைக்கும். பச்சை நிறம் சோதனையின் நிறத்தைக் கெடுக்கும் என்பதால், படிந்து தெளிந்த தண்ணீரில் மட்டும் பாருங்கள். உள்ளே போகும் தண்ணீரையும் வெளியே வரும் தண்ணீரையும் ஒரே நாளில் பார்த்து நோட்டில் எழுதி வையுங்கள். மாதம் ஒருமுறை மலக்கிருமிச் சோதனைக்கு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புங்கள்.

தென்னாப்பிரிக்கத் தண்ணீர்ச் சட்டம் 1998-ஆம் ஆண்டினது. அதன் கீழ் வந்த பொது வரம்புகளில், ஆற்றில் விடும் கழிவுநீருக்கு வேதியியல் ஆக்சிஜன் தேவை (தண்ணீரிலுள்ள அழுக்கை வேதிமுறையில் சிதைக்க வேண்டிய ஆக்சிஜன்) லிட்டருக்கு 75 மில்லிகிராம், மிதக்கும் துகள் 25 மில்லிகிராம், மலக்கிருமி 100 மில்லிக்கு 1,000, பி.எச். 5.5 முதல் 9.5 வரை. இவற்றை ஓர் இலக்காக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஓடையிலோ வடிகாலிலோ விடாதீர்கள், அதற்கு அனுமதி தேவை. உங்கள் நிலத்துக்குள்ளேயே வாழை, முருங்கை, பூச்செடிகளுக்கு அடிமண்ணில் பாய்ச்சுங்கள். பாய்ச்சத் தொடங்கும் முன் நகராட்சியிடம் விதியைக் கேட்டுவிடுங்கள். கொத்தமல்லி, கீரை, மதும்பி (சேப்பங்கிழங்கு) போலப் பச்சையாகத் தின்பதற்கோ மண்ணில் விளைவதற்கோ வேண்டாம். இலைமேல் தெளிக்கவும் வேண்டாம்.

கெட்டுப்போகும்போது

ஒருநாள் காலையில் குளம் கண்ணாடி போலத் தெளிந்திருக்கும். மகிழ்ச்சி அடையாதீர்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் மொண்டு வெளிச்சத்தில் பிடியுங்கள். குதித்துக் குதித்து நீந்தும் புள்ளிகள் தெரிந்தால் அவை டாஃப்னியா என்ற நீர்ப்பூச்சிகள். இரண்டு மூன்று நாளில் குளத்துப் பாசி முழுவதையும் தின்றுவிடும். அன்று அம்மோனியாவைச் சோதித்தால் ஏறியிருக்கும், ஏனென்றால் தின்றதைத் தண்ணீரிலேயே கழிக்கின்றன. கொசுவலையைவிட நெருக்கமான வலையால் தினமும் வாரி எடுங்கள், கழிவுநீர் விடுவதை நிறுத்துங்கள், பீப்பாயில் வைத்திருக்கும் விதைப்பாசியைத் திரும்ப விடுங்கள். அந்தப் பீப்பாய் எப்போதும் தனியாக, மூடி போட்டு இருக்க வேண்டியது இதற்காகத்தான்.

பச்சை மங்கிப் பழுப்பாகி அழுகிய முட்டை நாற்றம் வந்தால் ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது. யாரோ பாலோ பாயசமோ கொட்டியிருக்கலாம், அல்லது வானம் மூடி நாலைந்து நாள் ஆகியிருக்கலாம். ஊட்டுவதை நிறுத்தி, சக்கரத்தை இரவிலும் பேட்டரியில் ஓட்டுங்கள். வெயில் வந்ததும் பாதி அளவில் தொடங்குங்கள்.

குளிர்காலத்தில் டர்பனில் பனி உறையாது என்பதால் குளம் ஆண்டு முழுவதும் ஓடும். ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா பக்கம் உள்ளவர்கள் இதே அளவை அப்படியே எடுக்க வேண்டாம். அங்கே இரவில் உறைபனி விழும். 15 நாளாவது தண்ணீர் தங்கும்படி பெரிதாகக் கட்டுங்கள், அல்லது ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சமையல் கழிவுநீரைச் சாக்கடை இணைப்புக்கே திருப்பிவிட்டு, விதைப்பாசிப் பீப்பாயை மட்டும் ஜன்னல் ஓரத்தில் காப்பாற்றி வைத்து, செப்டம்பரில் மறுபடி குளத்தை நிரப்புங்கள்.